யாரும் உட்காராத பெஞ்சு

...மறுபடியும் ஊதுகிறாள், ஊதட்டும், தொண்டை வற்றும்வரை ஊதட்டும், நான் நிமிரப்போவதில்லை, இந்தச் செடியில் இன்னும் நாலு பழம் இருக்கிறது, தக்காளியாவது திருகினால் கையோடு வந்துவிடுகிறது, பெற்ற பெண் வருகிறாளா? வயல் ஓரத்தில் நாலு கம்பி நட்டு மேலே படுதா கட்டியிருக்கிறது, அந்த நிழலில் விசிலும் கையுமாக நிற்கிறாள் என் மகள், பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம், இரண்டு பெஞ்சு. இரண்டும் காலி. திங்கட்கிழமையிலிருந்தே காலி. இன்றைக்கும் ஒருத்தரும் உட்காரவில்லை என்றால் படுதாவைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுவேன், இவர்களுக்கு நிழல் தேவையில்லையாம் என்று ஆபீசில் சொல்லிவிடுவேன் என்று மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டான், அதுவும் சிரித்துக்கொண்டே. "தலைவியம்மா, உங்க அம்மாவே வரல, வேற யார் வருவாங்க?" என்றான். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறவனை என்ன செய்வது, சொன்னது பொய்யாக இருந்தாலாவது திட்டலாம்...

இந்தப் படுதாவுக்காக எத்தனை அலைச்சல். இந்த நாட்டுக்கு வரும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, நாங்கள் 'தண்ணீர்' என்று கேட்கக் கற்பதற்குள் இவள் இங்கத்திய பாஷையில் சண்டையே போட ஆரம்பித்துவிட்டாள், குடியிருப்பில் இருக்கிற தொழிலாளிப் பிள்ளைகளை எல்லாம் வராந்தாவில் கூட்டி வைத்துக் கூட்டம், மனு, தொழிலாளர் ஆபீசுக்கு நடை. போன வெயிலில் ஒருத்தி பாத்தியிலேயே சுருண்டு விழுந்தாளே, அதிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் உத்தரவு வந்தது, வெயில் ஏறினால் நிழலில் பத்து நிமிடம் ஓய்வு என்று. நாங்களும்தான் கை தட்டினோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குப் பெட்டிக்கூலி, பெட்டி நிறைந்தால்தான் காசு, பெட்டி குறைந்தவருக்கு மறுநாள் வேனில் இடம் இல்லை, பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தப் பெட்டியை யார் நிரப்புவது? நிழலைக் கேட்ட பிள்ளைகள், நிழலில் இருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்க மறந்துவிட்டார்கள். அனுபவம் இல்லாத பிள்ளைகள் என்று தள்ளிவிடலாம், அதுவும் முடியாது, இரண்டு வருஷமாக லீவு நாளில் அவளும் பெட்டி சுமக்கிறாள்... எங்களுக்குத் தெரியாதா, தெரியும், அப்படியானால் கூட்டத்தில் ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை? கிடைக்காது என்று நினைத்தோமோ? கிடைக்கப்போகிற நிழலில் எவன் உட்காரப்போகிறான் என்று நினைத்தோமோ?

இவளுக்கு என்மேல்தான் கோபம். காலையில் குழாயடி வரிசையில் நிற்கிறேன், வாயில் பிரஷ், அப்போது வந்து சொல்கிறாள், "அம்மா, உன்னை வச்சுத்தான் அவன் எல்லாரையும் விரட்டறான். மிஷினக்கா முடிச்சுட்டாங்க, உங்களுக்கு என்ன கேடுன்னு கேக்கறான்ல? நீ உக்காந்தா அவன் வாய் அடைஞ்சிடும்." மிஷினக்கா. இங்கே எனக்கு வைத்த பேர். இந்த நாட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது, விசா முதலாளி கையில், அறை முதலாளியுடையது, படுக்கிற கட்டிலில்கூட அவர் கம்பெனி முத்திரை, என் கைவேகம் ஒன்றுதான் நான் கொண்டுவந்தது, அதையும் குற்றம் என்கிறாள். "யாருக்குடி இந்த ஓட்டம், உன்னைப் படிக்க வைக்கத்தானே?" என்று கேட்டேன், நுரை வழிய. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்தது, முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மூன்று வரிசை தள்ளி இருக்கிறார். "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்கிறார், இது இன்றைக்கு நேற்று வந்த வசனமா, விமானம் ஏறும்போதும் இதையேதான் சொன்னார். எல்லாருக்கும் இன்னொருத்தர் முதலில் போக வேண்டும். பூனைக்கு மணி கட்ட என்னைத்தான் பார்க்கிறார்கள், ஓரக்கண்ணால், கை மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை விசில்... இது என்ன, மேஸ்திரி ஒரு கம்பியின் கயிற்றை அவிழ்க்கிறானே, நாள் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லையா, படுதாவின் ஒரு முனை தொங்குகிறது, கூட இருக்கும் பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன, இவள் மட்டும் காலி பெஞ்சுக்குக் காவல் மாதிரி... போதும்டி. ஊர் சிரிக்க நிற்க வேண்டும் என்று உனக்கு என்ன தலையெழுத்து, பிடிவாதக் கழுதை, ஒரு அறை விட்டு இழுத்து வந்தால்தான் அடங்குவாய், யாரைக் கொண்டு பிறந்தாயோ, பெட்டியைக் கீழே வைத்தேனா எறிந்தேனா தெரியவில்லை, செடிகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறேன், முதுகு நிமிரமாட்டேன் என்கிறது, பாதி குனிந்தபடியே போகிறேன், அடிக்கத்தான் போகிறேன்.

நிழலுக்குள் கால் வைத்ததும் கண் இருட்டியது. கை ஓங்கினேனா? அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினாள், கழுத்தில் தொங்கிய விசிலின் முனை முழுக்கக் கடித்துக் கடித்துப் பல் தடம், அதை அத்தனை தூரத்திலிருந்து நான் பார்க்கவே இல்லை, இவ்வளவு பயந்துகொண்டா இவள் நின்றாள்... டம்ளரை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி கயிறும் கையுமாகத் திரும்பினான். "என்ன மிஷினக்கா, ரிப்பேரா?" "ஆமாங்க, பத்து நிமிஷம் ரிப்பேரு." எங்கிருந்து வந்தது அந்தப் பதில், எனக்கே தெரியாது. அவன் கயிற்றை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பின்னாலேயே வருகிறேன் என்றாரே, வருகிறாரா என்று வயலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அதற்குள் இருந்திருக்கிறேன், வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. முதுகு, முதுகு, முதுகு, எல்லார் தலையிலும் முதலாளி கொடுத்த ஒரே நீலத் தொப்பி, ஒரு முகம்கூட இல்லை. மூன்றாம் வரிசை என்று எண்ணிப் பார்த்தேன், இந்தப் பக்கத்திலிருந்து எது மூன்றாவது? தாலி கட்டியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "இதுல உங்கப்பா யாருடி?" என்று கேட்டேன். "தெரியலம்மா. சின்னதுல வேன்ல உக்கார வச்சிட்டுப் போவீங்களே, அப்பவும் தேடுவேன். யாராவது நிமிர்ந்தாதான் தெரியும்" என்றாள். என்னையும் இப்படித்தான் தேடினாயா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. கயிறு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. அவரைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை, இன்றைக்குக் கூப்பிட்டுவிடலாம், நிமிருங்க, வாங்க என்று கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... எந்த முதுகைப் பார்த்துக் கத்துவது?