ஓரப்பட்டையில் பூத்த வெள்ளை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கார் என்றால் உயிர். அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினைச் சும்மா சொல்லக்கூடாது, சிங்கம். குறையெல்லாம் வெளியேதான். ஜன்னலுக்குக் கீழே ஓடும் கறுப்பு அலுமினியப் பட்டையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உடைந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஓட்டத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் கண் நேரே அங்கேதான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சரிசெய்ய இறங்கினார். துணைக்கு மனைவியின் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எதையும் நிதானமாகச் செய்து பழக்கமில்லை.

"சாண்ட் பேப்பர் வச்சுத் தேய்ச்சா பொழுது போயிடும் அத்தான். நம்ம மிஷின் எதுக்கு இருக்கு?" என்று டிரில்லிங் மிஷினில் கம்பி பிரஷ்ஷை மாட்டினான்.

"பட்டையைக் கழட்டிட்டுச் செய்யலாமே..."

"கழட்டினா கிளிப் உடையும். நீங்க தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். முதல் ஒரு சாண் பிரமாதமாக வந்தது. அப்புறம் பிரஷ் துள்ளி, கதவின் பச்சை பெயின்ட்டில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தது.

தம்பி மிஷினை அணைத்தான். அத்தான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த மனைவிக்கு அந்த அமைதி உதைத்தது. 'இந்த மனுஷன் குரலே கேக்கலைன்னா ஏதோ பெருசா ஆயிருக்கு' என்று கையில் ஒட்டிய க்ரீமோடு இறங்கி வந்தாள். கோட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா, சின்னக் கோடுதான்..."

"நீ பேசாதே. முதல்ல அந்த மிஷினை உள்ளே வை."

கேக்கில் க்ரீம் வழிக்கும் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து வந்து, துணி சுற்றி, பட்டையை ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினாள். ஒரே ஒரு கிளிப்தான் உடைந்தது. பட்டையைப் பாயில் போட்டு, சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கணவரும் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"பொடி துளி தங்கினாலும் மேலே எதை ஒட்டினாலும் நிக்காது. நல்லா அழுத்தித் தேய்ங்க. ஆமா, திடீர்னு என்ன இவ்வளவு அவசரம்?"

"சாயங்காலம் ஒருத்தர் வர்றார். காரை வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

அவள் கை நின்றது. "விக்கிறீங்களா? ஏன்?"

"உனக்குத்தான் பிடிக்கலையே. ஒரு தடவை ஏறினே, அப்புறம் பக்கமே வரலை."

"சீட்டு பள்ளமா இருக்குன்னு சொன்னேன். காரைப் பிடிக்கலைன்னு எப்பச் சொன்னேன்? ஒரு குஷன் வாங்கிப் போட்டா முடிஞ்சது. அதுக்குக் காரையேவா விப்பாங்க?"

"நீ சொல்லலை..."

"நீங்க கேக்கலை."

தம்பி நைசாக ஒரு சாண்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. துடைத்துக் காயவைத்த பட்டையில் கணவர் வாங்கி வைத்திருந்த கறுப்பு வினைல் ஸ்டிக்கரை அவள் இழுத்து ஒட்ட, தம்பி ஹேர் டிரையரால் சூடு காட்ட, காற்றுக் குமிழ்களைக் கணவர் விரலால் தள்ளினார். மாட்டிப் பார்த்தால் புதுப் பட்டையே தோற்றுவிடும் போல இருந்தது. கதவுக் கோடுதான் பாலிஷ் போட்டும் முழுசாகப் போகவில்லை. சாய்ந்து பார்த்தால் தெரிந்தது.

சாயங்காலம் வாங்க வந்தவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க, விக்கிறதா இல்லை."

"போன்லயே சொல்லியிருக்கலாமே!"

"மத்தியானம் வரைக்கும் எனக்கே தெரியாதுங்க."

அவருக்கு முகம் தொங்கிப்போனது. போக மனமில்லாமல் காரைச் சுற்றி வந்தவர், பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இதை யார் செஞ்சாங்க? என் பழைய காருக்கும் இதே வியாதிதான்."

"கழட்டிக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றாள் அவள்.

அவர் போனதும் கணவரிடம் சாவிக்குக் கை நீட்டினாள். கேட்டைத் தாண்டுவதற்குள் கார் உறுமி உறுமி அணைந்தது. பக்கத்தில் கணவர் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெரிய ரோட்டுக்கு வந்து முகத்தில் காற்று அடித்ததும், அவள் சிரித்துவிட்டாள்.

"வீட்டுக்குத் திரும்பணுமா என்ன?"

"நேராப் போ" என்றார் அவர்.