மீதி நாலு பாட்டு

ஷம்சியாவுக்குக் கோபமே வராது என்று கட்டடம் முழுக்கப் பேர் பரவியிருந்தது. பரப்பியவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் கலீலுர் ரஹ்மான்தான். "எங்க வீட்டுல ஒரு சத்தம் கேட்டிருப்பியளா?" என்று கண்டவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டே பத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார். சத்தம் கேட்கவில்லை என்றால் கோபமும் இல்லை என்று நினைக்கிற ஆம்பிளையை என்ன சொல்வது! 2009 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஷார்ஜா ரோலாவில் அந்த நாலாம் மாடி வீட்டில் அந்தப் பேர் போயே போய்விட்டது.

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிவிட்டு, சிடி செட்டின் மேல் கை வைத்தாள். வைத்த இடத்தில் சிடி இல்லை. செட்டைத் திறந்து பார்த்தாள். அதற்குள்ளும் இல்லை.

"ஷிரின்! இங்க இருந்த சிடி எங்க?"

மகளுக்குப் பதினாறு வயசு. கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலேயே பதில் சொன்னாள். "வாப்பா கார்கோ பெட்டில போட்டுட்டாங்க உம்மா. மேல கொஞ்சம் கேப் இருந்துச்சாம். ஊர்ல ஜுலைஹா மாமி மக ஜன்னத்துக்கு ஆகும்னு எடுத்தாங்க."

"நீ குடுத்தியா?"

"ஐ டோன்ட் நீட் இட், உம்மா. அந்தப் பாட்டைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேனே."

"அந்தப் பாட்டு சரி. மீதி நாலு?"

ஷிரின் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "மீதி நாலா? அதை யாரு கேப்பா? சும்மா நம்பருக்குப் போட்டது உம்மா."

யாரு கேப்பாளாம்! நாலு மாசமாக இந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது பின்னே யாராம், சுவரா?

ஏழு கொரியப் பெண்கள் சேர்ந்து பாடிய சின்ன ஆல்பம் அது. கீழ்மாடியில் இருக்கிற பிலிப்பினோப் பெண் மணிலா போய் வந்தபோது ஷிரினுக்காக வாங்கி வந்தது. முதல் பாட்டுக்குத்தான் ஊரெல்லாம் ஆடியது. ஷிரினும் அவள் பள்ளிக்கூடத்துத் தோழிகளும் ஹாலில் நின்று, இடுப்பில் ஒரு கையும் காற்றில் ஒரு கையுமாக, அந்த ஒரே பாட்டுக்கு ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் தோழிகள் எல்லோரும் கீழே ஜூஸ் குடிக்க ஓடியபோது செட்டை அணைக்க மறந்துவிட்டார்கள். ஷம்சியா சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டு வந்தது.

அது நடக்கிற பாட்டு. அவசரமில்லாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருத்தி கடற்கரையோரம் நடக்கிற வேகம். இஸ்திரிப் பெட்டி அந்த வேகத்துக்குத் தானாகவே போய் வந்தது. மூன்றாவதில் பியானோ மட்டும்தான். சண்டை முடிந்த வீட்டில் ஒருத்தி தனியாகப் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கும். ஐந்தாவதில் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே பாடுவார்கள், நடுவில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிடுவாள், அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள். ஆறாவது, முதல் பாட்டேதான், குரல் இல்லாமல். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் அந்த நாலாவது இருக்கிறதே, அல்லாஹ்! டிரம்மும் கிதாரும் சேர்ந்து ஓடிவந்து, உச்சிக்குப் போன இடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஒரு சத்தமும் இருக்காது. பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூச்சை இழுத்து விடுகிற நேரம் கழித்து, கட்டைக் குரலில் ஒருத்தி தனியாகத் தொடங்குவாள். பின்னால் ஒரு வாத்தியமும் கிடையாது. முதல் பாட்டில் அந்தக் குரல் மருந்துக்கும் இல்லை. அரை நிமிஷம்தான் பாடுவாள். அந்த அரை நிமிஷத்துக்கு ஷம்சியா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுவிடுவாள்.

அட்டையில் ஏழு முகங்கள் இருந்தன. ஷிரினுக்கு ஏழு பேருடைய பிறந்தநாளும் தெரியும். "நாலாவது பாட்டுல கடைசியா பாடுறது இதுல யாருடி?" என்று ஒரு தடவை கேட்டாள். "கடைசில யாரும் பாடலையே உம்மா, மியூசிக் நின்னுடுமே" என்றாள் மகள். பிறந்தநாள் தெரிந்து என்ன புண்ணியம்! ஷம்சியா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்தக் கட்டைக் குரல்காரி தனக்கு மட்டும் தெரிந்தவளாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அவளையும் சேர்த்துப் பெட்டியில் போட்டு ஒட்டியாயிற்று.

துபாய் தேராவில் அபாயாக் கடை வைத்திருக்கிற புருஷனுக்குப் போன் போட்டாள்.

"சிடியா? ஆமா, நான்தான் வச்சேன். நீதானே பெட்டியை ஒட்டச் சொன்ன? மேல ஓட்டையா கிடந்துச்சு."

"ஒட்டத்தான் சொன்னேன். அது என்னோட சிடி."

மறுமுனையில் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். "என்ன புள்ள, நாப்பது வயசுல உனக்கு என்ன கொரியாக்காரி பாட்டு? ஷிரின் கேட்டா சரி, சின்னப் புள்ள. அதுலயும் ஒரு பாட்டுதான் உருப்படியாம், அவளே சொன்னா. வேற ஏதாச்சும் வாங்கித் தர்றேன். கலாஸ், அதோட முடிஞ்சுது."

"பெட்டி இப்ப எங்க?"

"கார்கோ குடோன்ல. லுஹர் தொழுகைக்குள்ள கன்டெய்னர்ல ஏத்திடுவான். விடு புள்ள, ஆள் நிக்குது."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போதாதென்று, தேங்காய்க்காரியைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டுமா? ஷம்சியாவின் காது மடல் இரண்டும் கொதித்தன. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அபாயாவை மாட்டினாள். "உம்மா, எங்க போறீங்க? உம்மா!" என்று ஷிரின் வாசல்வரை ஓடிவந்தாள். "பாட்டு கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.

ஷார்ஜா தொழில்பேட்டைக்கு அவள் தனியாகப் போனதே இல்லை. டாக்சிக்காரப் பட்டாணியர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பெஹன்ஜி, உதர் சிர்ஃப் கேரேஜ் ஹை" என்றார், அங்கே கேரேஜைத் தவிர ஒன்றும் இல்லையாம். "மாலூம், மாலூம். ஜல்தி சலோ" என்றாள், தெரியும், சீக்கிரம் போ என்று.

குடோனில் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தடித்த மார்க்கரில் ஒரு பேர், ஒரு ஊர். பரங்கிப்பேட்டை, தொண்டி, காயல்பட்டினம். தன் கையெழுத்தை அவள் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள்: ஜுலைஹா பீவி, கீழக்கரை. புருஷனின் தங்கச்சி. அந்தப் பெட்டி ஒரு அடுக்கில் ஏழு பெட்டிக்கு அடியில் கிடந்தது.

மேசையில் உட்கார்ந்திருந்த மஹ்மூது தொண்டிக்காரர். அண்ணன் முறையில் தான் காக்கா என்று கூப்பிடுகிற கலீலின் வீட்டுக்காரி தனியாக வந்து நிற்பதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சிடிக்கா ராத்தா? ஒட்டி, எடை பாத்து, நம்பர் போட்டாச்சு. இப்பப் பிரிக்கச் சொன்னா எப்படி? இன்னும் ஒரு மணி நேரத்துல ட்ரைலர் வந்துடும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்ல?"

"பிரிங்க."

"காக்கா சொல்லாம நான் எப்படி..."

"அந்தப் பெட்டியோட சாமான் லிஸ்ட்டை எடுங்க."

மஹ்மூது எடுத்தார். அதுவும் அவள் கையெழுத்துதான். பால் பவுடர் நாலு டின், சோப்பு இரண்டு டஜன், தைலம், ஷாம்பு, டார்ச் லைட், போர்வை, பேரீச்சம்பழம், பிஸ்தா என்று போய்க்கொண்டே இருந்தது.

"அதுல சிடின்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். "இல்ல."

"பெட்டிக்குள்ள இருக்கு, லிஸ்ட்டுல இல்ல. கஸ்டம்ஸ்காரன் பிரிச்சுப் பார்த்துட்டுக் கேட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

மஹ்மூது பேனா மூடியைக் கடித்தார். பிறகு நைசாக எழுந்து வெளியே போய், கலீல் காக்காவுக்குப் போன் போட்டார். போடட்டும்! அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டி அடுக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். ட்ரைலர் வந்தால் அவளைத் தாண்டித்தான் ஏற்ற வேண்டும்.

கலீலுர் ரஹ்மான் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவருடைய முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"என்ன புள்ள இது? மானத்தை வாங்கணும்னே கிளம்பி வந்தியா? நாலு ஊர்க்காரன் வந்து போற இடம். கலீல் பொண்டாட்டி பாட்டுக்காகக் குடோன்ல வந்து உக்காந்திருக்கான்னு ஊரே சிரிக்கும்."

"காலையில நீங்க சிரிச்சீங்கள்ல? ஊரும் சேந்து சிரிக்கட்டும்."

மனுஷன் திகைத்துப்போனார். இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. "சரி, பிரிச்சுக் காட்டுப்பா மஹ்மூது, சனியன் தொலையட்டும்" என்றார்.

இரண்டு ஆட்கள் ஏழு பெட்டியையும் இறக்கினார்கள். கத்தி டேப்பைக் கிழித்தது. மேல் மூடியைத் திறந்ததும் முதலில் இருந்தது அதுதான். போர்வை மடிப்புக்கும் அட்டைக்கும் நடுவே, ஏழு முகங்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஷம்சியா எடுத்துத் திறந்தாள். தட்டு உள்ளே பத்திரமாக இருந்தது. கீறல் இல்லை.

"பாத்தாச்சுல்ல?" என்றார் கலீலுர் ரஹ்மான். அவள் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பப் போர்வைமேல் வைத்தார். "ஜன்னத்துகிட்டப் போன்ல சொல்லிட்டேன், மாமு பாட்டு அனுப்புறேன்னு. சொன்ன வாக்கு. மஹ்மூது, டேப்பைப் போடு."

அவ்வளவுதான். ஷம்சியா ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"டேப்பைத் தொடாதீங்க, மஹ்மூது!"

ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவள் பெட்டிக்குள் கைவிட்டுப் பால் பவுடர் டின்னைத் தூக்கித் தரையில் டங்கென்று வைத்தாள்.

"இதை யாரு வாங்கினது? நான். இந்த சோப்பு? நான். இந்தத் தைலம் உங்க உம்மாவுக்கு முட்டி வலிக்குதுன்னு நீங்களா ஞாபகம் வச்சீங்க? இந்த டார்ச்சு, கரெண்ட் போகுதுன்னு உங்க தங்கச்சி சொன்னது யாருகிட்ட? பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு ரெண்டு பெட்டி. யாருக்கு என்ன வேணும், யாருக்கு எது ஆகாது, எது உடையும், எது ஒழுகும், எல்லாம் நான் பாத்துக் கட்டுனேன். ஊர்ல எல்லாரும் சொல்றது கலீல் அனுப்பின பெட்டி. சொல்லட்டும், நான் ஒரு நாள் வாயைத் திறந்தேனா?"

"புள்ள, மெதுவா..."

"மெதுவாப் பேசித்தான் இங்க வந்து நிக்கிறேன்! முப்பத்தெட்டு பெட்டி. அத்தனையிலயும் நீங்க உங்க கையால வச்ச சாமான் இது ஒண்ணுதான்." சிடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "அதுவும் என்னோடது."

கலீலுர் ரஹ்மான் தரையில் கிடந்த டின்களைப் பார்த்தார்.

"ஜன்னத்துக்கு..." என்று கடைசியில் இழுத்தார்.

"ஜன்னத்துக்கு என்ன வேணும்னு நானே கேட்டு அடுத்த பெட்டியில வைக்கிறேன். எப்பவும் அதானே நடக்குது."

சாமான்களை அவளே திரும்ப அடுக்கினாள். மேலே இருந்த ஓட்டையில் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்தாள். ஓட்டை அடைக்க அது போதும். மஹ்மூது டேப்பை ஒட்டி, முறைப்படி மறுபடியும் தராசில் ஏற்றினார். முப்பத்தொரு கிலோ. முன்பு எழுதியிருந்ததும் அதேதான்.

"ஒரு கிராம் கூடக் குறையல ராத்தா" என்றார், சமாதானம் செய்கிற மாதிரி.

"உங்க தராசுக்கு அது தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் வேனில் போய் ஏறினாள்.

கலீலுர் ரஹ்மான் வண்டியை எடுத்தார். முதல் சிக்னலில் வண்டி நின்றது. ஷம்சியா சிடியை எடுத்து வேன் ஸ்டீரியோவில் தள்ளினாள். எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் பாட்டு குதித்துக்கொண்டு வந்தது. சமாதானம் பேச இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார்.

"ஆங், இதானே அது? நல்லாத்தான் இருக்கு."

"இது இல்ல."

அவள் பட்டனை மூன்று தடவை அழுத்தினாள். டிரம்மும் கிதாரும் ஓடி வந்தன. வெளியே கேரேஜ்களும் டயர்க் கடைகளும் பின்னால் போயின. பாட்டு ஏறி ஏறி உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. வண்டிக்குள் ஏசிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்று அவர் ஸ்டீரியோ பக்கம் கையை நீட்டினார். "முடிஞ்சிருச்சு."

ஷம்சியா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க. இனிமேதான் அவ பாடப்போறா."