நெருப்புப் படாதது

தேசப்பன் அம்மியை இன்னொரு தரம் கழுவிவிட்டுக் குனிந்து முகர்ந்து பார்த்தார். மிளகாய்க் காரம் துளிகூட இல்லை. அதன் பிறகுதான் மடியிலிருந்த களாப்பழங்களைக் கல்லின்மேல் கொட்டினார். கறுத்துக் கனிந்ததை மட்டும் பொறுக்கி, நகத்தால் கீறி விதையை எடுத்துவிட்டுக் குழவியால் மெல்ல இழுத்தார். பக்கத்தில் சட்டியில் நாவல்பழம் பிசைந்து கொட்டை நீக்கி வைத்திருந்தது. தேங்காய் துருவி, தண்ணீர் தெளித்து இடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்த பால் தனியாக இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மலைப்பக்கத்து இருளர்கள் கொண்டுவரும் தேனைக் கொஞ்சம் விட்டு மத்தால் கடைந்தால் மேலே ஊதா நிறத்தில் நுரை கட்டும். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். அடங்கிவிட்டால் புளிப்பு மேலே வந்து மனைவி ரத்தினம்மாளின் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அவர் ஏர் பிடித்த ஆள். தலை நரைக்கிற வயது வரைக்கும் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடித்தவரில்லை. செருமினால் சொம்பு கைக்கு வந்துவிடும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, துளசிங்கம். மழை பொய்த்து வேர்க்கடலை கொடியோடு கருகிப்போன வருஷம், அரக்கோணத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்கு மைதானம் போடுகிறார்கள் என்று மண் சுமக்கப் போனான். அங்கிருந்து மிலிட்டரிக்கு ஆள் எடுத்தார்கள். கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றவனிடம் தேசப்பன் முடியாது என்றுதான் சொன்னார். ரத்தினம்மாள்தான் குறுக்கே வந்தாள். "இங்கியே இருந்து இன்னாத்த வாரிக்கப் போறான்? போவட்டும்யா. அங்க போனா வயித்துக்காவது போடுவாங்க." அவளே வேர்க்கடலை வறுத்து மூட்டை கட்டிக் கொடுத்து, திருத்தணி ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் ரயிலேற்றிவிட்டு வந்தாள். கொஞ்ச காலம் தகவல் வந்தது. பர்மா பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று கடைசியாக வந்ததோடு நின்றுபோயிற்று.

பிறகு மணவூரில் ஒரு வீட்டுக்கு, அவனோடு சேர்ந்து போன பையன் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. ரத்தினம்மாள் அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தாள். அந்தத் தாய் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புள்ள இருக்கானா?" என்று மட்டும் கேட்டாளாம். திரும்பி வந்தவள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. முழுகிய ஈரத்துணியோடு நேரே திருத்தணிக் கோயில் மலையேறினாள். சாயங்காலம் இறங்கி வந்து அடுப்பை மூட்டி, அவருக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டு, தான் மட்டும் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாமே?"

"நேந்துகினு வந்துட்டேன். அவன் வந்து நம்ம வாசப்படிய மெதிக்கிற வரைக்கும் நெருப்புல வெந்தது எதையும் தொட மாட்டேன்."

தேசப்பன் சிரித்தார். நாலு நாள் தாங்குவாளா என்று நினைத்தார். நாலு நாள் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. வெள்ளரிப் பிஞ்சு, ஊறவைத்த பயறு, தேங்காய்ச் சில்லு என்று அவள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவருக்கு இரண்டு வேளையும் அடுப்பெரித்தாள். வாயில் வைத்துப் பார்க்காமல் கைக்கணக்கில் போட்ட உப்பு ஒருநாளும் தப்பவில்லை. அவள் எதிரில் சுடுசோற்றைப் பிசையும்போது அவருக்குக் கை கூசும். தட்டை ஒதுக்கினால் விட மாட்டாள். "நேந்துகினது நானு. நீ எதுக்குய்யா வயித்தக் காயப் போடற?" சண்டை போட்டுப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். சாமி காரியம் என்றாள், அதோடு விட்டுவிட்டார்.

தை மாதத்தில் கிணற்றடியில் குடத்தோடு விழுந்தாள். தேசப்பன் ஓடிப்போய்த் தூக்கினார். கடலை மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு அவள் உடம்பு ஒரு கனமாகவே தெரியவில்லை. பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. தேங்காயை மெல்ல முடியாமல் எத்தனையோ நாளாக விழுங்கியிருக்கிறாள். அன்று தேசப்பன் ஊருக்கு வெளியே பாறைக் கரட்டுப் பக்கம் போய்த் துண்டு நிறைய இலந்தைப்பழம் பொறுக்கி வந்தார். அம்மியில் நசுக்கியபோது முதல் முறை கொட்டையும் சதையும் மிளகாய்க் காரமுமாக ஆகிவிட்டது. குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டார். எந்தப் புதரில் எது எப்போது கனியும், எதற்குத் தேன் வேண்டும், எதற்கு ஒரு கல் உப்பு போதும் என்பதெல்லாம் கைக்கு வந்தது. வெயில் காலத்தில் நுங்கும் மாம்பழமும். ஆடியில் நாவலும் களாவும். எதுவும் கனியாத மழை மாதங்களில் வாழைப்பழத்தையும் முளைகட்டிய கம்பையும் தேங்காய்ப் பாலில் கரைத்தார். பர்மாச் சண்டை முடிந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆட்கள் திரும்பி வந்தார்கள். துளசிங்கம் வரவில்லை. அவளும் விடவில்லை.

களாவும் நாவலும் அரைத்த அந்த ஆடி மாதத்து மத்தியானம் அவர் கடைந்து முடித்துச் சொம்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, ரத்தினம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். சொம்பை வாங்கக் கையை நீட்டவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டையும் தோளில் கான்வாஸ் பையுமாக ஒருவன் நின்றிருந்தான். தோள் அகன்று கன்னம் சதைபோட்டிருந்ததால் அடையாளம் காணத் தேசப்பனுக்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அவளுக்கு ஆகவில்லை.

"உள்ள வாடா," என்றாள். "படிய மெதிச்சு உள்ள வா."

அவன் பூட்ஸைக் கழற்றக் குனிந்தான். "அப்புறம் கழட்டலாம், வா," என்று அதட்டினாள். அவன் பூட்ஸ் காலோடு படியை மிதித்து உள்ளே வந்தான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொம்பிலிருந்த நுரை அடங்கிப் போயிற்று.

அவன் கைகால் கழுவப் பின்பக்கம் போனதும் அவள் கணவரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். "நேர்ச்சையப் பத்தி அவங்கிட்ட மூச்சு விடக் கூடாது. வந்த புள்ள மனசு நோவும். எம் மேல ஆணையா." தேசப்பன் தலையாட்டினார்.

மறுநாள் மூவரும் மலையேறினார்கள். பாதிப் படியில் அவளுக்கு மூச்சு முட்டியது. துளசிங்கம் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். சாமியைப் பார்த்து இறங்கி வந்ததும் யார் சொல்லியும் கேளாமல் அடுப்பை மூட்டினாள். பச்சரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பாயசம். இலை போட்டு மூவரும் உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் சோற்றைப் பிசைவதைத் தேசப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் விரல்களுக்குச் சூடு பொறுக்கவில்லை. ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இன்னொரு வாய்.

துளசிங்கம் பேசிக்கொண்டே சாப்பிட்டான். பர்மாவுக்குப் போகிற வழியிலேயே தனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதையும், பிழைத்தபின் ஜபல்பூர் டிப்போவில் போட்டுவிட்டதையும் சொன்னான். "சண்ட கிண்ட ஒண்ணும் நான் பாக்கல நைனா. சாமான் எண்ணி வைக்கிற வேலதான். காலைல ரொட்டி, பாலு. மத்தியானம் கறி. நல்லாத்தான் வச்சுகினு இருந்தாங்க."

தேசப்பனுக்குக் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "அங்க இருந்து ஒரு வரி எழுதக் கூடாதாடா?"

"எழுதணும்னு நெனைப்பேன் நைனா. அப்படியே நாளு போயிடும். அதான் வந்துட்டேனே."

தேசப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மகன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். பிறகு மெல்ல எழுந்து பின்பக்கம் போனாள். முருங்கை மரத்தடியில் அவள் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. உண்டதெல்லாம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லாத வயிறு வெறுமனே புரண்டது.

மறுநாள் சோற்றைக் குழைத்துக் கொடுத்தார்கள். தங்கவில்லை. கஞ்சித் தெளிவு, இட்டலி, மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழ் என்று எது கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் தேசப்பன் அம்மியைக் கழுவினார். களாவும் நாவலும் தேங்காய்ப் பாலும் மட்டும் உள்ளே போய் உள்ளேயே இருந்தன. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது, உடம்புதான் கொடுத்த வாக்கை விடமாட்டேன் என்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

துளசிங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தான். ஒருநாள் காலை அவர் மத்தைப் பிடித்துக் கடைந்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் நின்றான்.

"இன்னா நைனா இது? நானும் வந்ததுல இருந்து பாத்துகினே கீறேன். ஆளு எலும்பா கீறாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டினியா?"

மத்து சுழன்றது.

"உன்னத்தான் கேக்கறேன். காட்டுப் பழத்த நசுக்கி நசுக்கி ஊத்திகினு கீற. இத்தக் குடுத்துக் குடுத்துத்தான் சோறு உள்ள போவாம பண்ணி வச்சிருக்க. ஊர்ல கேட்டா, ரெண்டு வருஷமா இதான் குடுக்கறாருன்றாங்க. சோறு போட வக்கு இல்லியா நம்ம வூட்ல? நெலம் இல்லியா? நான் இல்லாத நேரத்துல எங்க அம்மாவப் பட்டினி போட்டுட்டியே."

தேசப்பன் மத்தை நிறுத்தினார். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஜபல்பூர் ரொட்டியும் பாலும் அவர் நாக்கின் நுனியில் வந்து நின்றன. அவளுடைய ஆணை நினைவுக்கு வந்தது. நுரையைப் பார்த்துக்கொண்டு குனிந்தபடி, "ஆங், தப்புதான்," என்றார்.

உள்ளே பாயில் படுத்திருந்த ரத்தினம்மாள் எழுந்து வருகிற ஓசை கேட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாதடா. அவரு குடுத்ததாலதான் நீ வர்றப்ப நான் உசுரோட இருந்தேன். சோறு வாணாம்னது நானு."

"எதுக்கு?"

"நீ வர்ற வரைக்கும்னு மலைமேல சொல்லிட்டு வந்தேன்."

துளசிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தான், அம்மியைப் பார்த்தான், பிறகு அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்தான்.

"எப்ப இருந்து?"

"மணவூர்ப் புள்ள செத்துட்டான்னு சேதி வந்துச்சே, அப்ப இருந்து."

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மணவூர்ப் பையன் செத்த சமயம் அவன் காய்ச்சல் தெளிந்து ஜபல்பூர் வந்துவிட்டிருந்தான். "யாரு கேட்டா உன்ன?" என்று கத்தினான். "நான் கேட்டனா? நான் சொன்னனா உன்னப் பட்டினி கெடன்னு?" கத்தக் கத்தக் குரல் உடைந்தது. அவன் வெளியே போய்விட்டான். சாயங்காலம் வந்து, போட்ட சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் ரத்தினம்மாள்.

"நீதான சொன்ன?"

"உன்னத் தப்பா பேசினான். எனக்குப் பொறுக்கல." அவ்வளவு வருஷத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேசப்பன் அவள் குடித்து வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

விடிந்து பார்த்தபோது துளசிங்கத்தின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையும் இல்லை. ரத்தினம்மாள் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ரேணிகுண்டா பக்கமிருந்து வருகிற வண்டி ஸ்டேஷனில் ஊதியது கேட்டது.

"கொல்லிக்குப் போயிருப்பான்," என்றார் தேசப்பன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கடலைக் கொல்லையில் யாருமில்லை. ஸ்டேஷன் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் நின்றார். போய்ப் பார்த்து, அங்கே அவன் இருந்தால் என்ன சொல்வது? போகாதே என்றா? அதை முன்பே ஒரு தரம் சொன்னவர்தான். வண்டி கிளம்பி அரக்கோணம் பக்கம் புகையைத் தள்ளிக்கொண்டு போவது மரங்களுக்கு மேலே தெரிந்தது. புகை கரையும் வரை நின்றுவிட்டு, என்ன ஆனாலும் அவளுக்கு வயிற்றுக்கு வேண்டுமே என்று கரட்டுப் பக்கம் ஏறினார்.

பாறைக்குப் பின்னால் இருக்கிற பெரிய களாப்புதர் அசைந்துகொண்டிருந்தது. ஆடாக இருக்கும் என்று கல்லை எடுத்தார். ஆடு இல்லை. துளசிங்கம் வெற்றுடம்போடு முள்ளுக்குள் பாதி நுழைந்து குந்தியிருந்தான். காக்கிச் சட்டை தரையில் விரித்திருந்தது. அதன்மேல் பழங்கள் கிடந்தன. கறுத்தது கொஞ்சம், சிவந்த செங்காய்தான் நிறைய. முழங்கைவரைக்கும் முள் கிழித்த கோடுகள். அவர் வந்ததை அவன் அறிந்துகொண்டான் என்பது அவன் முதுகில் தெரிந்தது. திரும்பவில்லை. பறிப்பதையும் நிறுத்தவில்லை.

செங்காயைப் பறிக்கக் கூடாது, அதன் பால் தொண்டையைப் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தார் தேசப்பன். பிறகு கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுப் புதரின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, கைக்கு எட்டிய கிளையை வளைத்தார். இலைகளுக்கு நடுவே எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கையும் அதே கிளையைப் பற்றியிருந்தது. காம்பு ஒடிந்த இடங்களில் வெள்ளைப் பால் துளிர்த்து, சொட்டுச் சொட்டாக அந்தச் சட்டையின்மேல் விழுந்துகொண்டிருந்தது.