ஏலாது என்ற பொய்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் சிகிச்சை நிலையத்தில் தாதியாக இருந்தாள் ஹுஸ்னியா. காயத்தின்மேல் அவள் வலது உள்ளங்கையை வைத்தால் நஞ்சும் வலியும் அவளுக்குள் இறங்கிவிடும். வந்தவர் எழுந்து நடப்பார். அவள் ஐந்தாறு நாள் காய்ச்சலில் கிடப்பாள். கிண்ணியாவிலிருந்து திரியாய் வரை இது ஆட்களுக்குத் தெரியும்.

போன ஆவணியில் குவைத் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு வருடமாக முயன்று கிடைத்த அழைப்பு. புறப்பட வேண்டிய நாளுக்கு முதல்நாள் பகல், சல்லிக் கடற்கரையிலிருந்து தங்கத்துரையை ஓட்டோவில் கொண்டுவந்தாள் அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி. கரைவலை இழுக்கும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறியிருந்தது.

“மிஸி, கையை வையுங்கோ. மனுசன் துடிக்கிறார்.”

காய்ச்சலோடு போனால் பரிசோதனையில் பெயரை வெட்டிவிடுவார்கள். ஹுஸ்னியா கையை முதுகுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“இண்டைக்கு ஏலாது அக்கா. கை மரத்துப்போய்க் கிடக்கு.”

அவருடைய காலைச் சுடுநீரில் வைத்தாள். பிறகு அதே ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரி வரை கூடவே போனாள். அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பரிசோதனையில் தேறினாள். தங்கத்துரையின் காயம் அழுகி இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து இரத்தினேஸ்வரி ஒரு சட்டி நண்டுக்கறியோடு வந்தாள். “உங்களுக்கே ஏலாமல் இருந்தும் எங்களோட வந்தீங்கள் மிஸி. மறக்கமாட்டம்.”

ஹுஸ்னியாவால் ஒரு வாய்கூட உண்ண முடியவில்லை. அன்று பின்னேரமே நிலாவெளி பஸ்ஸில் ஏறி, சல்லிச் சந்தியில் இறங்கி, அவர்கள் வீட்டுக்குப் போனாள். தங்கத்துரை காலை நீட்டிக் கதிரையில் இருந்தார்.

“அண்ணன், அண்டைக்கு என்ர கை நல்லாத்தான் இருந்தது. குவைத்துக்குப் போகவேணும் எண்டு பொய் சொன்னனான்.”

குசினி வாசலில் நின்ற இரத்தினேஸ்வரியின் முகம் கறுத்தது.

“பொய்யோ? உங்கட கை சுகமாகவேணும் எண்டு நான் கோயில்ல அர்ச்சனை செய்தனான்.”

உள்ளே போய்விட்டாள்.

ஹுஸ்னியா நிலத்தில் அமர்ந்து அந்தப் பாதத்தில் கையை வைத்தாள். காயம் எப்போதோ ஆறியிருந்தது. எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. கையை எடுக்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“எழும்புங்கோ மிஸி,” என்றார் தங்கத்துரை. “இதை வேற ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்கோ. சனம் உங்களிட்ட வராமல் விட்டால், நாளைக்கு ஒரு பிள்ளையைப் பாம்பு கடிச்சால் எங்க கொண்டு போறது?”

அவள் தலையை நிமிர்த்தாமல், “ஓம்” என்றாள்.

குவைத்துக்கு அவள் போகவில்லை. சல்லியிலிருந்து யார் வந்தாலும் உடனே கையை வைக்கிறாள். ஆனால் காயத்தை மட்டுமே பார்க்கிறாள். வந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இரத்தினேஸ்வரி அதற்குப் பிறகு ஒருநாளும் சிகிச்சை நிலையத்துக்கு வரவில்லை.