முட்டை வேகும்வரை

ஜெசிந்தா மைக்ரோவேவில் முட்டை வேகவைக்கும்போதெல்லாம் அவள் குடியிருந்த கட்டடம் சுற்றும். உள்ளே கண்ணாடித் தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, வெளியே மூன்று மாடியும் அந்தப் பக்கமே சுற்றும். டிங் என்று மணி அடித்தால் இரண்டும் நிற்கும். சாம்பாரைச் சுடவைத்தால் ஒன்றும் ஆகாது. முட்டைக்கு மட்டும்தான்.

தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கட்டடம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கோப்பையில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவி, மஞ்சள் கருவை முள்கரண்டியால் குத்திவிட்டு உள்ளே வைப்பாள். குத்தாவிட்டால் வெடிக்கும். அது வேகிற நேரத்தில் தலை சீவி முடித்துவிடுவாள்.

குடியிருந்தவர்கள் எல்லாருக்கும் இது தோதாகத்தான் இருந்தது. "ஜெசிந்தா, துணி இன்னும் காயல. கொஞ்சம் கூடுதலா வேக விடும்மா, வெயில் நம்ம பக்கம் வரட்டும்" என்று முதல் மாடி பர்னபாஸ் படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார். கடற்காற்று வேண்டுமென்று யாராவது கேட்டால் அன்று அவளுக்கு அரைவேக்காடுதான்.

ஒருநாள் காலையில் டிங் என்றபோது, வாசல் பின்பக்கத்து மதிலை ஒட்டிப் போய் நின்றது. ஒல்லியானவர்கள் ஒருக்களித்து வெளியே போனார்கள். கீழ்வீட்டு இசக்கி நிறைமாதக்காரி. அவளால் ஒருக்களிக்க முடியாது.

ஜெசிந்தா முதல் வாய் சாப்பிடும்போது இசக்கியின் புருஷன் வேல்ராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"யக்கா, இசக்கிக்கு வலி வந்துட்டு! ஸ்டெல்லா நர்சை ஏத்திக்கிட்டு ஆட்டோவும் தெருவுல வந்து நிக்கி. ஆனா நம்ம வாசல் மதிலைப் பாத்துல்லா நிக்கி!"

ஜெசிந்தா கரண்டியைக் கீழே போட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முட்டை. அவசர அவசரமாக அதை உடைத்து ஊற்றி உள்ளே வைத்தாள். கட்டடம் மெதுவாக நகர்ந்தது. மதில் விலகியது. வேப்பமரம் வந்தது. கீழே இசக்கி அலறுகிற சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

அப்போதுதான் கோப்பைக்குள் படபடவென்று ஏதோ பொரிகிற ஓசை கேட்டது. மஞ்சள் கருவைக் குத்த மறந்திருந்தாள். முட்டை வெடித்தால் கட்டடம் துள்ளும். பிரசவ வலியில் இருப்பவளைத் துள்ளவிடலாமா? சட்டென்று நிறுத்தினாள். வாசல் தெருவுக்கு வந்துசேராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது.

"யக்கா, நிறுத்திட்டீங்களே!" என்று வேல்ராஜ் தலையில் கைவைத்தான்.

ஆட்டோக்காரர் காத்திருக்கிற ஆள் இல்லை. வண்டியைச் சந்துக்குள் திருப்பி மரத்தடிக்கே கொண்டுவந்துவிட்டார். ஸ்டெல்லா பையோடு வாசலுக்குள் குதித்தாள். மேலே இது தெரியாத ஜெசிந்தா கருவைக் குத்திவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். தட்டு இந்தமுறை எதிர்ப்பக்கம் சுற்றியது. ஆட்டோவும் ஹாரன் அடித்தபடி வாசலோடு கூடவே ஓடியது.

"இனி ஆஸ்பத்திரிக்கெல்லாம் நேரமில்ல. சுத்துறது சுத்தட்டும்! நிறுத்தாத, ஜெசி!" என்று கீழிருந்து ஸ்டெல்லா கத்தினாள்.

மணி அடிக்கவும் குழந்தை அழவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. நல்ல தொண்டை. கீழே ஓடிய வேல்ராஜ் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதான், பிறகு சிரித்தான்.

"எந்தத் திசையில பொறந்துச்சுன்னு எங்கம்மா கேக்குமே, என்ன சொல்ல?" என்றான் நர்சிடம்.

"தலை வந்தது கிழக்குல, கால் வந்தது தெக்குல. கேக்கிறவங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லு" என்றாள் ஸ்டெல்லா, கையைக் கழுவிக்கொண்டே.

முட்டை ரப்பர்போல ஆகியிருந்தது. ஜெசிந்தா அதைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாருக்கும் கொடுத்தாள். ஆட்டோக்காரர், இப்படி ஒரு முட்டை தின்றதில்லை என்றார்.

மறுநாள் காலையில் அவள் முட்டை வைத்தபோது கட்டடம் அசையவில்லை, ஊர்தான் சுற்றியது. மாதா கோவில் போனது, மீன் சந்தை போனது, பிறகு ரயில் நிலையம் நிதானமாக வந்தது. பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"தங்கச்சி, மெட்ராஸ் வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?"

ஜெசிந்தா சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"முட்டை வேகட்டும் அண்ணாச்சி, சொல்லுதேன்."