அரக்கு பனியன்

எங்கள் காஞ்சிபுரத்துக் கூடைப்பந்து அணிக்கு அரக்கு நிற பனியன். பட்டுக்குச் சாயம் போடுகிறவர் பருத்திப் பனியனுக்கும் போட்டுக் கொடுத்தார். பருத்தியில் அது நிற்கவில்லை. வியர்த்தால் கால்சட்டை வரை வழியும். சோப்புத் தண்ணீரில் முக்கினால் போய்விடும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் மறுபடி சாயம் ஏற்றுவார்கள்.

ஆடியவர்கள் பகலில் தறியில் இருந்தார்கள். மாலையில் தேரடிக்குப் பின்னால் ஆடினார்கள். அந்தத் திடலில் ஒரு குறை உண்டு. வளையத்துக்கு இடப்பக்கம் தேர்க்கொட்டகையின் சுவர். கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், கையை மடக்கிக்கொண்டு. அதனால் எல்லோரும் வலப்பக்கமாகவே திரும்பப் பழகினார்கள். முனிரத்தினம் நல்ல உயரம். பந்தோடு வலப்பக்கம் திரும்பினார் என்றால் பந்து வளையத்துக்குள். கண்ணாயிரம் குள்ளம். சுவரோரச் சந்து அவருக்கு.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து திடல் தெரியும். பாவாடை கட்டிய வயதிலிருந்து நான் ஓர் ஆட்டம் விட்டதில்லை.

1969இல் என்னை அரக்கோணத்தில் கொடுத்தார்கள். கொழுந்தன் ராஜவேலு அந்த ஊர் அணியின் தலைவர். போன வீட்டிலும் எங்கள் அணியைப் பற்றியே பேசினேன். இரண்டாம் வருடம் அரக்கோணத்தில் நடந்த இறுதிப்போட்டிக்குக் காஞ்சிபுரம் வந்தது.

அன்று காலை ராஜவேலு இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அண்ணி, உங்க ஊரு நெட்டையன் எப்படி ஆடுவான்?”

“வலப்பக்கம்தான் திரும்புவாரு. வேற பக்கம் தெரியாது.”

மாமியார் கரண்டியோடு நின்றார். “இன்னாமா, சொந்த ஊரையே காட்டிக் குடுக்கிற?”

“தெரிஞ்சா மட்டும் நிறுத்திட முடியுமா அத்தை?”

“நிறுத்துறேன். ஒட்டிக்கினே நிப்பேன்,” என்றார் ராஜவேலு. “உங்க ஊரு தோத்துட்டா, இந்த வீட்ல காஞ்சிபுரத்துப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி.”

“வுட்றா,” என்றார் என் கணவர்.

“அவரு வுட்டாலும் நான் வுட மாட்டேன்,” என்றேன்.

அரக்கோணம் திடலில் பெண்களுக்குத் தனியாக பெஞ்சு போட்டிருந்தார்கள். மாமியாரும் வந்தார்.

ராஜவேலு சொன்னபடி செய்தார். முனிரத்தினத்தின் வலப்பக்கம் அவர். பின்னால் இன்னொருவர். முனிரத்தினத்தால் திரும்பவே முடியவில்லை. பனியனிலிருந்து சாயம் வழிந்தது.

“ரத்தம் ஊத்துது பாரு,” என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

பாதி ஆட்டத்தில் அரக்கோணம் வெகுதூரம் முன்னால் இருந்தது.

“வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் நீ,” என்றார் மாமியார்.

இனி அந்த வீட்டில் வாய் திறந்து எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகும் முனிரத்தினம் வலப்பக்கமே முயன்றார். இருவரும் அவர்மேல் சாய்ந்தார்கள். அப்போது வளையத்தின் இடப்பக்கத்திலிருந்து கண்ணாயிரத்தின் குரல் கேட்டது.

“முனி, இங்க சொவரே இல்லப்பா.”

முனிரத்தினம் அந்தப் பக்கம் பார்த்தார். பந்தை அங்கே தள்ளினார். அத்தனை வருடம் கையை மடக்கியே பந்து போட்டவர் கண்ணாயிரம். அன்று கையை முழுதாக நீட்டினார்.

விழுந்தது.

மறுபடியும் அங்கேயே நின்றார். மறுபடியும் விழுந்தது. ராஜவேலு இடப்பக்கம் ஓடினார். முனிரத்தினம் வலப்பக்கம் திரும்பினார். ராஜவேலு திரும்பி ஓடி வந்தார். பந்து இடப்பக்கம் போயிருந்தது. கடைசி வரை அப்படித்தான். கடைசிப் பந்து கண்ணாயிரத்துடையது. காஞ்சிபுரம் ஜெயித்தது.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினேன். பெண்கள் பக்கம் முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருமா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும் அத்தை.”

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ராஜவேலு வீட்டுக்கு வந்தார். ஆட்டம் முழுக்க முனிரத்தினத்தை ஒட்டியே நின்றவர். அவருடைய வெள்ளை பனியனில் தோளிலிருந்து இடுப்பு வரை அரக்கு. கழற்றி என்னிடம் நீட்டினார்.

“அண்ணி, இது போவுமா?”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“போவாது,” என்றேன்.

தண்ணீரில் நனைக்காமல் கொண்டுபோய், தெருவுக்குத் தெரிகிற கொடியில் போட்டேன்.