கொழுந்தனுக்கு எட்டாத வீடு

குப்பம்மாள் வீடு வாங்கப் போகிறாள் என்ற சேதி பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் பரவியதும் முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி வீடு வாங்கினால் உறவில் நாலு பேர் சும்மா குடியிருக்கலாம் அல்லவா? அதை வாடகைக்கு விடப் போகிறாளாம் என்று தெரிந்ததும் சிரித்தார்கள். எங்கே வாங்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

"சென்னப்பட்டணத்துலயா? அந்த மணல் மேட்டுலயா?" என்று குதித்தான் கொழுந்தன் சடையன். "இங்கிலீசுக்காரன் இப்பதான் வந்து கோட்டை கட்டிக்கினு கீறான். நாளைக்கே கப்பல் ஏறிட்டான்னா உன் வீட்ட நண்டுக்கா வாடகைக்கு வுடுவ? இங்க ஒல்லாந்தர் கோட்டைப் பக்கத்துல வாங்கு அண்ணி. எட்டுற தூரம். நானே பாத்துக்குவேன்."

"அதான்டா பயமே" என்றாள் குப்பம்மாள்.

இப்படி வாய்க்கு வாய் பேசுகிறவளாக அவள் பிறக்கவில்லை. புருஷன் பெருமாள் இருந்தவரை அவள் குரல் பக்கத்துக் குடிசைக்குக் கூடக் கேட்டதில்லை. ஊர்தான் அவளுக்கு வாயைக் கொடுத்தது.

பழவேற்காடு ஏரியில் கண்ட இடத்தில் வலை போட்டுவிட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முறை வைக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பெருமாளுக்கும் ஒரு பாடு இருந்தது, அப்பன் வழி வந்தது. அவன் காய்ச்சலில் கிடந்து செத்தான். எரித்த சாம்பலை அள்ளுவதற்குள் அவனுடைய முறை நாள் வந்துவிட்டது. வலை போட வீட்டில் ஆம்பளை இல்லை. நான் ஆளை வைத்துப் போடுகிறேன் என்று குப்பம்மாள் போய் நின்றாள்.

ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைக்குப் பாடு கெடையாதும்மா. நாள் தவறுனா எடம் அடுத்தவனுக்கு. அதான் முறை" என்றார்.

அந்த அடுத்தவன் சடையன்தான். அண்ணன் செத்த துக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, வலையைத் தோளில் சுமந்துகொண்டு அன்றைக்கே படகேறினான். அண்ணிக்குப் பங்கு தருகிறேன் என்று சபையில் சொன்னான். கொஞ்ச நாள் ஒரு கை பொடிமீன் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

குப்பம்மாள் அழுதாள். அழுது முடித்ததும் பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்தாள். கையால் பிடிக்கிறவர்களுக்குப் பாடு கிடையாது, முறை கிடையாது, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் பாடு உள்ளவன் வீட்டுப் பொம்பளை சேற்றில் கை விடலாமா என்று சடையனுக்கு மானம் போயிற்று. சோறு போடாத மானத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பச்சை இறால் ஒல்லாந்தர் கோட்டைச் சமையற்கட்டுக்குப் போனது. மிச்சத்தைக் காயவைத்து விற்றாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசு அது.

இனி சேற்றில் இறங்க முடியாத வயது ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சடையன் வீட்டு அடுப்படியில் தட்டேந்தி நிற்கக் கூடாது. தான் தூங்கும்போதும் தனக்காகச் சம்பாதிக்கிற பொருள் ஒன்று வேண்டும். படகு வாங்கினால் சடையன் ஓட்டுவான். வலை வாங்கினால் சடையன் போடுவான். வீடுதான் சரி.

ஆனால் எங்கே? முதலில் பழவேற்காட்டுக் கோட்டைத் தெருவைத்தான் நினைத்தாள். வாடகை நிச்சயம், படகில் ஏறினால் போய்விடலாம். அன்று சாயங்காலமே சடையன் பெண்டாட்டி ஜெயம்மா வந்து, எந்த மூலையில் தன் பெட்டியை வைப்பது என்று யோசனை கேட்டாள். கோட்டைத் தெரு போயிற்று. சுண்ணாம்புக்குளத்தில் கூடப்பிறந்த அண்ணன்மார் இருந்தார்கள். தங்கச்சி வீட்டுக்கு வாடகை கொடுக்கிற அண்ணனை உலகம் இன்னும் பெறவில்லை. மீஞ்சூரில் ஜெயம்மாவின் தாய்வீடு. போய்ச் சோறு தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடிகிற தூரத்தில் எந்த வீட்டை வாங்கினாலும் அது உறவுக்காரன் வீடுதான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கருவாட்டுக் கூடையோடு சென்னப்பட்டணம் போகிற பெண்களுடன் கிளம்பினாள். புதுக் கோட்டையை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரை எவன் கட்டினால் என்ன? மரத்தடிகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. அம்மி இருந்தது, குழந்தைக்கு ஏணை கட்டியிருந்தது. கூரை மட்டும் இல்லை. அதில் ஒரு முகம் தெரிந்த முகம். பழவேற்காட்டில் துணிக்குச் சாயம் தோய்க்கிற தசரதன்.

"இங்க இன்னா பண்றீங்க அண்ணே?"

"இங்க குடியேறுனா வரி இல்லன்னு சொன்னாங்கம்மா. வேலை கொட்டிக் கெடக்குது. குந்தறதுக்குத்தான் எடம் இல்ல."

"வீடு இருந்தா வாடகை குடுப்பீங்களா?"

"மழைக்கு முன்னாடி இருந்தா குடுப்பேன்."

மழைக்கு முன்னாடி இருந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை, சாயப்பானை வைக்கப் பின்பக்கம் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு சார்ப்பு. தெருக்காரர்கள் நாலு பேரைச் சாட்சி வைத்து மனையைத் தன் பேரில் வாங்கிக் கட்டினாள். ஊர் திரும்பும் வழியெல்லாம், அத்தனை காசையும் கண்ணுக்கு எட்டாத மணலில் போட்டுவிட்டு வருகிறோமே, பைத்தியமா நமக்கு என்று அழுகை வந்தது. ஆனால் பசியாவரத்துக் கரையில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அந்த ஐப்பசிப் புயலில் கூரை பறந்தது. சேதி தெரிந்து சடையன் தெருத்தெருவாகச் சொல்லிச் சிரித்தான். "இப்ப வானத்துக்கு வாடகை வாங்குவா எங்கண்ணி" என்றான். குப்பம்மாள் மறுபடி சேற்றில் கை விட்டாள், மறுபடி ஓலை வாங்கினாள், மறுபடி வேய்ந்தாள். வாடகை வர ஆரம்பித்தது. கருவாடு விற்கப் போகும்போதெல்லாம் தசரதன் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தான். வந்த காசைப் பற்றி ஊரில் அவள் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு வருஷம் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, மீனும் வரவில்லை. யாருக்கு எந்த இடம் என்று சபை கூடிப் பேசுவதே வீணாயிற்று. எந்த இடத்தில் போட்டாலும் வலை வெறுமனே வந்தது. கையால் தடவினாலும் சேறுதான் கிடைத்தது.

அப்போதுதான் சடையனுக்குச் சென்னப்பட்டணம் எட்டியது.

குப்பம்மாள் வாடகை வாங்கப் போனபோது வாசலில் மூட்டை முடிச்சு கிடந்தது. ஜெயம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். தசரதன் கதவை மறித்து நின்றுகொண்டிருந்தான். தெருவே கூடியிருந்தது.

"இந்தாளுக்குச் சொல்லு அண்ணி" என்றான் சடையன். "காலையிலேர்ந்து ஒரே பேஜாரு. இது நம்ம குடும்பத்து வீடு, காலி பண்ணுன்னா பண்ண மாட்டேங்கறான்."

"எந்தக் குடும்பத்து வீடு?"

"இன்னா அண்ணி இப்படிக் கேக்கற? எங்கண்ணன் பொண்டாட்டி வீடு எனக்கும் வீடுதானே?"

குப்பம்மாள் கூடையை இறக்கினாள். கால் வலித்தது, ஆனால் உட்காரவில்லை. "பின்னாடி சார்ப்பு கீது. சாயப்பானைய நகத்திக்கச் சொல்றேன், அதுக்குத் தக்கன அவருக்கு வாடகையில கழிச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இருந்துக்குங்க. வாடகை மாசா மாசம்."

சடையனின் முகம் கறுத்தது. "சொந்தக் கொழுந்தன்கிட்ட வாடகை கேக்கறியே, ஊர் இன்னா சொல்லும்?"

"ஊரா? ஊர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்டா. எம் புருஷன் பாட்டுல இத்தினி வருஷமா வலை போட்டியே, அதுக்கு நீ இன்னா வாடகை குடுத்த?"

சடையன் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். கூட்டத்தில் இருந்த யாருக்கும் பாடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்து, பெரிய பாக்கி என்று எல்லோருக்கும் புரிந்தது. ஜெயம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குப்பம்மாளுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. பசித்த முகம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பாவம் பார்த்து இன்றைக்குச் சும்மா விட்டால் நாளைக்குக் கூரையும் அவர்களுடையதாகிவிடும்.

ஜெயம்மாதான் முதலில் எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து நீட்டினாள். "மூட்டைய எடுத்து உள்ள வையி" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

சடையன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். குப்பம்மாள் அவன் முதுகைப் பார்த்து, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னாள்.

"சடையா, நாள் தவறுனா எடம் அடுத்தவனுக்கு. அதான் முறை."